மோந்து பார்த்து வாங்கும் நர்சரி: மரக்காணம் சாலையில் காட்டு வாசனைச் செடிகள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி இந்த நர்சரி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிற அண்ணனும் அண்ணியும் பெயர், ஃபோன் நம்பர் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. இரண்டே பேர் தண்ணீர் ஊற்றி, விதை பொறுக்கி, கவர் நிரப்பி நடத்துகிற இடம். ஒரே நாளில் பத்து கார் வந்து நின்றால் அன்றைக்குச் செடிகளுக்குத் தண்ணீர் போகாது என்பது அவர்களுடைய கவலை. அந்தப் பக்கம் போகிறவர்கள் டீக்கடையில் "காட்டுச்செடி நர்சரி" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

வாசனைக்காகவே செடி வளர்க்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான கடையை நான் பார்த்ததில்லை. காரணம் ஒன்றுதான். இங்கே விற்கிற ஒவ்வொரு செடிக்கும் ஒரு தாய்ச்செடி தரையில் நிற்கிறது. அது பூக்கிற காலத்தில், அதுவும் அது மணக்கிற நேரத்தில் வரச் சொல்கிறார்கள். மோந்து பார்த்து, பிடித்திருந்தால் அதன் கன்றை வாங்கலாம். சேலை வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம், மாம்பழம் வாங்கினால் காம்பை மோந்து பார்க்கிறோம். வாசனைச் செடியை மட்டும் பூவே இல்லாத ஒரு கவரில், விற்கிறவர் வாய்வார்த்தையை நம்பி வாங்கிக்கொண்டு வருகிறோம். பூத்த பிறகுதான் அது என்ன செடி என்றே தெரிகிறது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், அம்மா திண்டிவனத்தில் பூ கட்டி விற்றவர். எங்கள் வீட்டில் பூவை நிறத்தை வைத்து யாரும் பேச மாட்டார்கள். மொட்டு எத்தனை மணிக்கு விரியும், சரத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், வாடிய பிறகு என்ன வாசம் வரும், இதுதான் பேச்சு. மல்லிக்கு விரியும்போது ஒரு வாசம், நடுராத்திரி ஒரு வாசம், மறுநாள் காலையில் பழுத்த வாசம். அந்தக் கணக்கில்தான் இந்த நர்சரிச் செடிகளையும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் ஓரத்து நர்சரிகளில் "நாட்டு வாசனைச் செடிகள்" என்று அட்டை மாட்டி விற்பவற்றில் பாதி நம் நாட்டுச் செடியே இல்லை. நிலச்சம்பங்கியும் பெருங்கள்ளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவை. இரவு ராணி மேற்கிந்தியத் தீவுகளின் செடி. மரமல்லி பர்மா பக்கத்து மரம். நல்ல செடிகள்தான், வீட்டில் இருப்பதில் தவறு இல்லை. சம்பங்கி இல்லாமல் எந்தக் கல்யாண மாலையும் இல்லை. ஆனால் நம் மண்ணிலேயே முளைத்து, கோடையில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, யாரும் தண்ணீர் விடாமல் ஏரிக்கரையில் மணந்துகொண்டிருக்கிற செடிகள் தனியாக இருக்கின்றன. கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் செடிகள் அவை. புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு மாதிரி ஒருசில இடங்களில்தான் அந்தக் காடு மிச்சமிருக்கிறது. இந்த நர்சரி அந்தக் காட்டுச் செடிகளுக்கானது. அண்ணன் காட்டிலிருந்து ஒரு செடியைக்கூடப் பிடுங்குவதில்லை. கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கி விதை எடுக்கிறார், கொடி வகைகளுக்குத் தாய்ச்செடியிலேயே பதியம் போடுகிறார். பிடுங்கி வந்த செடி ஒன்று வேண்டும் என்று ஒருவர் கூடுதல் காசு காட்டிக் கேட்டபோது அண்ணி "அப்படி விக்கிறதில்லீங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

போனால் சாயங்காலம் போக வேண்டும். ஐந்து மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். இந்தக் காட்டின் வாசனைப் பூக்கள் பெரும்பாலும் வெள்ளை, பெரும்பாலும் பொழுது சாயும்போது மணக்கத் தொடங்குபவை. இருட்டில் தேன் குடிக்க வரும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிட வேண்டுமே, அதற்குத்தான் அந்த வெள்ளையும் வாசமும். காலை பதினொரு மணிக்குப் போய் மோந்துவிட்டு "வாசமே இல்லையே" என்று திரும்புகிறவர்களை அண்ணி உட்கார வைத்து மோர் கொடுத்து, முடிந்தால் சாயங்காலம் வரை இருக்கச் சொல்கிறார்.

சரி, செடிகளுக்கு வருகிறேன்.

என்னுடைய முதல் ஓட்டு பாவட்டைக்கு. இடுப்பு உயரப் புதர், தலைக்கு மேலும் போகும். நுனியில் வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். ஒவ்வொரு பூவிலும் நான்கே இதழ், நடுவிலிருந்து ஒரு சூல்தண்டு குண்டூசி போல நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கொத்தைக் கைக்குள் வைத்துப் பார்த்தால் நூறு குண்டூசி குத்தி வைத்த மெத்தை மாதிரி இருக்கும். பகலில் மெல்லிய வாசம். இருட்டத் தொடங்கியதும் அது தேன் கலந்த இனிப்பு வாசமாக மாறி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முழுக்கப் பரவும். மல்லி வாசம் தலைவலி கொடுக்கும் என்பவர்களுக்கு இது ஒத்துப்போகும், அவ்வளவு இலகுவான மணம்.

இதை வாங்கப் போனபோது ஓர் அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டார். இலையெல்லாம் கறுப்புப் புள்ளி, நோய் பிடித்திருக்கிறது என்றார். அண்ணி அந்த இலையைக் கிள்ளி, அவர் கையைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பச்சை இலைக்குள் கடுகளவு கறுப்புப் பொட்டுகள், மேலே ஒட்டிய மாதிரி இல்லாமல் இலையின் சதைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. "இது நோய் இல்லம்மா. இந்த இலைக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு. செடிக்கும் அதுக்கும் பழக்கம். புள்ளி இல்லாத பாவட்டையைக் காட்டினாத்தான் நான் சந்தேகப்படுவேன்" என்றார். அது உண்மைதான், பாவட்டை இனத்தின் இலை முடிச்சுகளை, அதாவது இந்தப் பொட்டுகளை, தாவரவியல்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விற்கிற செடியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவரிடம் வாங்குவதற்கு நான் இன்னும் பத்து ரூபாய் கூடக் கொடுப்பேன். அந்த அம்மா இரண்டு பாவட்டை எடுத்துக்கொண்டு போனார். கன்று ஐம்பது ரூபாய்.

பாவட்டைக்குத் தம்பி மாதிரி தரணி. சின்னதாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூத்தால் தெரிந்துவிடும், தரணிக்கு ஐந்து இதழ். பூ புதிதில் வெள்ளை, போகப் போக மஞ்சள் ஏறும். வாசம் பாவட்டையைவிட அடர்த்தி. பழத்துக்குக் குருவிகள் வரும். நிழலில்கூட நிற்கும் என்பதால் மதில் ஓரத்துக்கு நல்லது. எனக்குக் கிடைத்த ஒரு தரணிக் கன்றில் வேர் கவருக்குள் சுருண்டு அடியில் வட்டமாக நின்றது. அது ரொம்ப நாள் கவரிலேயே இருந்த கன்று. அடுத்த முறை போனபோது சொன்னேன். வாதம் எதுவும் இல்லாமல் வேறு கன்று கொடுத்தார்கள், ஆனாலும் அதை விற்றிருக்கவே கூடாது. வாங்குகிறவர்கள் கவரின் அடியைப் பாருங்கள். வேர் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள்.

காட்டுமல்லிக்காகத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். வீட்டு மல்லியைத் தேடி வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். பூக்கடையில் முல்லை என்று விற்பது ஊசிமல்லிகை என்கிற இனம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை ரகமும் அந்த இனம்தான். அதன் இலையைப் பாருங்கள், பெரிய இலையின் அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி குட்டி இலைகள் இருக்கும். காட்டுமல்லிக்கு அந்தக் காது இல்லை. எதிரெதிரே ஒற்றை இலைகள், கரும்பச்சையில் எண்ணெய் தடவின பளபளப்பு. பூவில் ஏழெட்டு இதழ்கள், ஒடிசலாக, நட்சத்திரம் விரிந்த மாதிரி. மொட்டின் வெளிப்பக்கம் லேசான சிவப்புச் சாயல் இருக்கும்.

வாசம் மல்லியும் இல்லை, முல்லையும் இல்லை. இரண்டையும்விடத் தண்ணீர் கலந்த மாதிரி மெலிசு, கிட்டே போனால் பச்சை இலை நசுக்கிய நெடி கொஞ்சம் சேர்ந்திருக்கும். எனக்கு அது பிடிக்கும். சரத்துக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாரில் கட்டினால் காம்பு அறுந்துவிடுகிறது, அரை முழம் தேறுவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். தலையில் வைக்க மல்லி வேண்டும் என்றால் ராமநாதபுரம் பக்கத்து மல்லிக் கன்று வாங்குங்கள், அதற்கு இந்த நர்சரிக்கு வர வேண்டியதில்லை. காட்டுமல்லி வேலியில் ஏறி, செடியிலேயே பூத்து, செடியிலேயே உதிர வேண்டிய பூ. ஒருமுறை வேர் பிடித்தால் கோடையில் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பு. ரோஜா அந்தத் தண்ணீரில் ஓரம் கருகும், காட்டுமல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதியம் போட்ட கன்று அறுபது ரூபாய், நியாயமான விலை.

மனோரஞ்சிதம் இங்கே கிடைப்பதில் விலை கூடியது, நூற்றைம்பது. பூ முதலில் பச்சையாக இலையோடு இலையாக இருக்கும், அப்போது மோந்தால் ஒன்றும் இருக்காது. பிறகு மெல்ல மஞ்சளாகப் பழுக்கும், பழுக்கப் பழுக்க வாசம் ஏறும். மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழ வாசம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு எப்போது மோந்தாலும் நன்றாகப் பழுத்த பலாச்சுளையும் அன்னாசியும் கலந்த வாசம்தான். ஒரு பூவை மேஜையில் வைத்தால் அறை முழுக்கப் போதும், இரண்டு வைத்தால் அதிகம். பூக்காம்பு கொக்கி போல வளைந்து கெட்டியாகி, அதைக்கொண்டே செடி பக்கத்துக் கிளையைப் பிடித்து ஏறும். அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். கம்பி வலையில் மாட்டியதை விடுவிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வெட்டிவிட்டுப் புதராகவும் வளர்க்கலாம். ஆனால் நாலைந்து வருஷம் பொறுமை வேண்டும். முதல் வருஷமே பூக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அண்ணனிடம் "எப்ப பூக்கும் அண்ணா?" என்று கேட்டதற்கு, "வேர் இறங்கட்டும்மா, அது வரைக்கும் கேக்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

குருக்கத்தி பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பழைய இலக்கியத்து மாதவி இதுதான், வாசனையில் இதற்கு இணை குறைவு. வெள்ளை இதழ்கள் ஓரத்தில் நூல் பிரிந்த மாதிரி இருக்கும், ஐந்தில் ஓர் இதழில் மட்டும் மஞ்சள் தீற்றியிருக்கும். காய்க்கு மூன்று இறக்கை, காற்றில் சுழன்றுகொண்டே இறங்கும், குழந்தைகள் பின்னாலேயே ஓடும். ஆனால் பல நர்சரிகளில் மாதவி என்று கேட்டால் ரங்கூன் மல்லியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது வெள்ளையாக விரிந்து சிவப்பாக மாறும் வேறு கொடி. இங்கே தாய்ச்செடியைப் பார்த்து வாங்குவதால் அந்தக் குழப்பம் இல்லை. சிக்கல் வேறு. குருக்கத்தி மரக்கொடி. அடி கை பருமனாகி, பிறகு தொடை பருமனாகும். மொரீஷியஸில் அலங்காரத்துக்கு என்று கொண்டுபோய் வைத்தார்கள், இப்போது அங்கே காட்டு மரங்களை அமுக்கிக் கொல்கிற களையாகிவிட்டது. இங்கே இது சொந்த மண்ணின் கொடி, அந்த அளவு ஆட்டம் போடாது. இருந்தாலும் இரண்டு சென்ட் இடத்தில், ஷீட் கூரை மேல் ஏற்ற வேண்டிய கொடி இல்லை இது. இடம் கேட்டுவிட்டு அண்ணி எனக்கு விற்க மறுத்துவிட்டார். அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் கடைக்காரர் ஒருவர் காசை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த மறுப்புதான் இந்த நர்சரிக்கு நான் கொடுக்கிற பெரிய மதிப்பெண்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களா எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஊறுகாய்க் காய். அதன் பூவை யாரும் பேசுவதில்லை. சின்ன வெள்ளை நட்சத்திரம், மல்லிக்கு நெருக்கமான வாசம், கூடவே முள். வேலிக்கு இதைவிட நல்லது கிடையாது, கன்று முப்பது ரூபாய்தான். குருந்து என்கிற காட்டெலுமிச்சை, ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றது இந்த மரத்தடியில்தான் என்பார்கள். பூவில் எலுமிச்சைப்பூ வாசம், இலையைக் கசக்கினாலும் வாசம். கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி தெரியும், மருந்து அடித்துவிடாதீர்கள், கொஞ்சம் இலை போனால் திரும்ப வந்துவிடும். மகிழம் மரம், இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். காய்ந்து சருகான பிறகும் வாசம் போகாத ஒரே பூ நான் அறிந்தவரை அதுதான். அம்மா அதைத் துணிகளுக்கு நடுவே போட்டு வைப்பார். நந்தியாவட்டையும் வைத்திருக்கிறார்கள், அடுக்கு நந்தியாவட்டை வேண்டாம், ஒற்றைதான் ராத்திரியில் மணக்கும் என்று அண்ணி பிரித்துச் சொல்கிறார். நான் இரண்டையும் ராத்திரியில் மோந்து பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்.

வாங்கும் முறையில் சில பழக்கங்கள் இருக்கின்றன, தெரிந்துகொண்டு போங்கள். சித்திரை, வைகாசியில் கன்று விற்க மாட்டார்கள். வெயிலில் வைத்தால் செத்துப்போகும், காசு வீண் என்பார்கள். ஆடிக்குப் பிறகு வாருங்கள், அப்போது வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் ஓடிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே தடவையில் மூன்று வகைக்கு மேல் கொடுப்பதில்லை. முதலில் அவற்றைக் காப்பாற்றிக் காட்டுங்கள் என்கிறார்கள். வீட்டில் வெயில் எந்தப் பக்கம், மதில் எவ்வளவு உயரம், மண் சிவப்பா களிமண்ணா, தண்ணீர் உப்பா நல்லதா என்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கன்றைக் கையில் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் இது பிடிக்காது. அவசரத்தில் வந்த ஒருவர் "காசு கொடுத்து வாங்குறேன், இவ்வளவு கேள்வி எதுக்கு" என்று கோபப்பட்டுப் போனார். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விகளுக்காகவே போகலாம்.

வளர்ப்பு முறையும் எளிதுதான். ஒன்றரை அடிக் குழி, எடுத்த மண்ணோடு மக்கிய சாணம் ஒரு கூடை. உரக்கடை உரம் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இந்தச் செடிகள் ஒல்லி மண்ணில் வளர்ந்து பழகியவை, உரம் போட்டால் இலை தள்ளும், பூ குறையும். சருகு மூடாக்கு போடலாம், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கறையான் அதிகம், சருகோடு சேர்த்துத் தண்டின் பட்டையையும் தின்றுவிடும். வேப்பம் புண்ணாக்கைக் குழியிலேயே கலந்துவிட்டேன். முதல் வருஷம் செடி மேலே வளராமல் குந்திக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் அது கீழே வேர் இறக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு நம் வேலை குறைவு.

இந்தச் செடிகளுக்கு நிஜமான பரீட்சை 2024 நவம்பர் 30 ராத்திரி வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, எங்களுக்குக் கிட்டத்தில் மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை. எங்கள் பின்கட்டில் முழங்கால் தண்ணீர் நின்று வடிய நாளாயிற்று. ரோஜாவும் செவ்வந்தியும் அழுகிவிட்டன. களாவும் குருந்தும் இலைகூட உதிர்க்கவில்லை. பாவட்டை இலை தொங்கி நின்று பிறகு நிமிர்ந்தது. மனோரஞ்சிதம் மஞ்சளாகி, தை மாதம் புதிதாகத் துளிர்த்தது. காட்டுமல்லியில் ஒரு பக்கக் கொடி போய்விட்டது, மறுபக்கம் அடுத்த கோடையில் பூத்தது. அந்த நர்சரியிலும் பாதிக் கவர்கள் மிதந்து போயிருந்தன. நான் பார்க்கப் போனபோது அண்ணனும் அண்ணியும் சேற்றிலிருந்து கவர்களைத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, மறுபடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் விலையை ஏற்றவில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். பெயர்ச் சீட்டு சரியில்லை. பழைய தகரத்தை வெட்டி நம்பர் எழுதிச் செருகியிருக்கிறார்கள், எந்த நம்பர் எந்தச் செடி என்பது அண்ணியின் நோட்டில் இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் போனால் அண்ணனே திணறுகிறார். இரண்டு மழைக்கு மை அழிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் நாமே வேறு சீட்டு எழுதிக் கட்டிவிட வேண்டும், குறிப்பாகத் தரணிக்கும் பாவட்டைக்கும். ரொக்கமாகக் காசு கொண்டு போங்கள், ஜிபே வேலை செய்யாது, அங்கே சிக்னல் கிடைப்பதில்லை. பார்சல் அனுப்ப மாட்டார்கள். சென்னையில் இருக்கும் என் அக்கா மகள் இதே வகைச் செடிகளை ஆன்லைனில் ஓர் இடத்தில் வாங்கினாள், ஐந்து நாள் பெட்டிக்குள் இருந்து இலை முழுக்க உதிர்ந்த குச்சிகள்தான் வந்தன. அதனால் பார்சல் வேண்டாம் என்று இவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு கன்றுக்கு மேல் வாங்காதீர்கள், மண்ணோடு கவர் கனம். ஒரு பழைய அரிசிச் சாக்கும் ஈரத்துணியும் எடுத்துப் போனால் வேர் காயாமல் வீடு வந்து சேரும்.

இன்னொன்று. பாவட்டை பூத்திருக்கும்போது போனால் தாய்ச்செடியை மோந்து பார்ப்பதற்குக் கொத்தை ஒடிக்காதீர்கள். அண்ணி கிளையை வளைத்துக் கொடுப்பார், அப்படியே மோந்துவிட்டு விட்டுவிடுங்கள். அந்தக் கொத்தில் வரும் காயிலிருந்துதான் அடுத்த வருஷக் கன்றுகளுக்கு விதை எடுக்கிறார்கள்.